குப்பைமேடு என்று பெயர் வைத்தவர் யார்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் எமரிவில் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. அங்கே ஒரு தெருவின் பெயர் 'ஷெல்மவுண்ட்'. சிப்பிமேடு என்று பொருள். தெருவில் நடந்துபோனால் சிப்பியும் இல்லை, மேடும் இல்லை. துணிக்கடைகளும் உணவகங்களும் திரையரங்கும் கொண்ட பெரிய வணிக வளாகம்தான் நிற்கிறது. 2002இல் திறக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நன்றியறிதல் நாளுக்கு மறுநாள், தள்ளுபடி விலைக்காக அமெரிக்காவே கடை வாசலில் முண்டியடிக்கும் வெள்ளிக்கிழமை அன்று, ஒரு சிறு கூட்டம் பதாகைகளோடு அந்த வளாகத்தின் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் நடந்துகொண்டிருப்பது எங்கள் முன்னோரின் இடுகாட்டின் மேல் என்று வருவோர் போவோரிடம் சொல்லும். அவர்கள் ஓலோனி மக்கள். ஐரோப்பியர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அந்த விரிகுடாவின் கரையில் மீன் பிடித்து, சிப்பி எடுத்து வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்கள்.

ஒரு மேட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு அதன் பெயரைத் தெருவுக்கு வைப்பது எப்படிச் சாத்தியமாயிற்று? இந்தக் கேள்வி கலிஃபோர்னியாவோடு முடிகிற கேள்வி அல்ல. யாருடைய வாழ்க்கை வரலாறு, யாருடைய வாழ்க்கை கழிவு என்று பிரித்துவைக்கும் கண் எப்படி வேலை செய்கிறது என்பதை, சாதி என்ற சொல்லே இல்லாத ஓர் ஊரிலிருந்து பார்க்க இது ஒரு வாய்ப்பு. தொலைவிலிருந்து பார்த்தால் சில சமயம் நம் வீடே தெளிவாகத் தெரியும்.

மேடு எப்படி எழுந்தது

கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது பள்ளத்தாக்காக இருந்த இடத்தில் உப்புநீர் புகுந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடா உருவானது. ஆழம் குறைந்த நீர், சேற்றுத் தரை, ஓடைகள் வந்து கலக்கும் முகத்துவாரங்கள். சிப்பிக்கும் மட்டிக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தக் கரையில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மக்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழத் தொடங்கினார்கள். தின்ற சிப்பியின் ஓடு, மீன்முள், மான் எலும்பு, அடுப்புச் சாம்பல், தேய்ந்த அம்மி, உடைந்த எலும்பு ஊசி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. அந்தப் படிவின்மேல் வீடு கட்டினார்கள். அதன் உள்ளே இறந்தவர்களைப் புதைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக மேடு உயர்ந்தது.

நெல்ஸ் நெல்சன் என்ற தொல்லியலாளர் விரிகுடாவைச் சுற்றி நடந்து, 1909இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 425 சிப்பிமேடுகளை வரைபடத்தில் குறித்தார். அவற்றில் மிகப் பெரியது எமரிவில் மேடு. 60 அடிக்கு மேல் உயரம், 350 அடி விட்டம் என்று பதிவுகள் சொல்கின்றன. அந்தத் தட்டையான கரையில் அதன் மேல் ஏறி நின்றால் விரிகுடா முழுவதும் தெரிந்திருக்கும்.

தொல்லியலாளருக்குச் சிப்பிமேடு என்பது கிடைத்தற்கரிய ஆவணம். புளித்த மண்ணில் எலும்பு கரைந்துபோகும். சிப்பி ஓட்டில் உள்ள சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறிப்பதால், வேறெங்கும் மிஞ்சாத நுண்ணிய எலும்புகள்கூட மேட்டுக்குள் மிஞ்சுகின்றன. சிப்பி ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளில் இருக்கும் ஆக்சிஜன் வகைகளை அளந்தால், அந்தச் சிப்பி எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது என்பதுகூடத் தெரியும். எழுத்து இல்லாத மக்கள் எழுதிவைத்த நாட்குறிப்பு என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

இடிக்கப்பட்ட கதை

நாட்குறிப்புக்கு என்ன நடந்தது? 1876இல் எமரிவில் மேட்டைச் சுற்றி ஒரு கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. மேட்டின் உச்சியில் நடன அரங்கு. அருகில் குதிரைப் பந்தயத் திடல், துப்பாக்கி சுடும் களம். சுமார் ஐம்பது ஆண்டுகள் மக்கள் இடுகாட்டின் தலைமேல் நடனமாடினார்கள். 1924இல் பூங்கா மூடப்பட்டதும் தொழிற்சாலைக்கு இடம் தேவைப்பட்டது. நீராவி இயந்திரம் வந்து மேட்டை வாரியது. இயந்திரம் வாரிக்கொண்டிருக்கும்போதே தொல்லியலாளர்கள் ஓரமாக நின்று கிடைத்ததைச் சேகரித்தார்கள். வெளிவந்த மனிதப் புதைவுகள் மட்டும் சுமார் 700. பிறகு அங்கே வண்ணச்சாயத் தொழிற்சாலை. அது மூடிய பின் 1990களின் இறுதியில் நச்சு மண்ணை அகற்றத் தோண்டியபோது மீண்டும் நூற்றுக்கணக்கில் எலும்புகள். ஆனாலும் வணிக வளாகம் எழுந்தது.

மற்ற மேடுகளின் கதை இதைவிடச் சுருக்கமானது. வாரி எடுத்துச் சாலை போட்டார்கள். வயலுக்கு உரமாகக் கொட்டினார்கள். அந்த மண்ணில் மனித எலும்பு கலந்திருக்கிறது என்பது தெரியாமல் நடந்ததல்ல. தெரிந்தே நடந்தது.

அதே காலத்தில் உயிரோடிருந்த ஓலோனி மக்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். 1776 முதல் ஸ்பானிய மிஷன்கள் அவர்களைக் கரையிலிருந்து பெயர்த்தெடுத்து வேலை வாங்கின. நோயும் பட்டினியும் கொன்றன. அமெரிக்க ஆட்சி வந்ததும் 1850இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. பெயரளவில் பூர்வகுடிகளின் 'பாதுகாப்பு'ச் சட்டம். சுற்றித் திரிகிறான் என்று குற்றம் சாட்டி ஒருவரைப் பிடித்து அவர் உழைப்பை ஏலம் விடவும், குழந்தைகளை வெள்ளையர் வீட்டில் வேலைக்குக் கட்டிவைக்கவும் அது வழிசெய்தது. நம் மண்ணின் குற்றப்பரம்பரைச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த மொழி புதிதல்ல.

'கீழ்த்தட்டினர்' என்ற சொல்

எமரிவில் மேட்டை முறையாக முதலில் அகழ்ந்தவர் மாக்ஸ் ஊலே. ஜெர்மானியர். பெரு நாட்டில் செய்த ஆய்வுகளுக்காக இன்றும் மதிக்கப்படுபவர். 1902இல் மேட்டைக் கீறி, படிவுகளைப் பத்து அடுக்குகளாகப் பிரித்து, கீழிருந்து மேலே வரவரக் கருவிகளும் பழக்கங்களும் மாறியிருக்கின்றன என்று 1907 அறிக்கையில் காட்டினார். அந்தக் காலத்து அமெரிக்கத் தொல்லியலில் இது பெரிய பாய்ச்சல்.

அதே அறிக்கையில் அவர் இன்னொன்றையும் எழுதினார். நீர் வற்றிய கரையில் சிப்பி பொறுக்கி உண்பவர்களை இன்றும் உலகெங்கும் காணலாம், அவர்கள் எப்போதும் சமூகத்தின் கீழ்த்தட்டைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய வாழ்க்கை பழமையானது, கருவிகள் மிக முரடானவை என்ற பொருளில் எழுதினார். இதற்குச் சான்று எதையும் அவர் மேட்டிலிருந்து எடுக்கவில்லை. மேட்டுக்குள் இறங்குவதற்கு முன்பே அந்த முடிவு அவரிடம் இருந்தது. ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிப்பி தின்றவரின் தகுதியை, தன் காலத்துக் கடற்கரையில் சேற்றில் இறங்கி நின்ற ஏழையைப் பார்த்து அவர் முடிவு செய்தார்.

நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கம் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை முங்கிப் பெயர்த்து எடுப்பார்கள். சிப்பிக் காலத்தில் வீட்டு வாசலிலெல்லாம் கறுத்த ஓடுகள் குவிந்து கிடக்கும். ஊலே எழுதியதை முதல்முறை படித்தபோது எனக்கு அது நூறாண்டுப் பழைய ஆங்கிலமாகத் தெரியவில்லை. மிகவும் பழகிய குரலாகக் கேட்டது. பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்காரும்போது கேட்ட குரல். பின்னாளில் ஒரு கருத்தரங்கில், கடற்கரைக் குடியிருப்புகளின் உணவுக் கழிவை ஆராய வேண்டும் என்று நான் பேசி முடித்ததும், மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே மீன்முள்ளைப் பொறுக்கியா முனைவர் பட்டம் வாங்கப்போகிறாய் என்று கேட்டபோது கேட்ட குரல். அரங்கமும் சேர்ந்து சிரித்தது.

2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காணொலியைத் தமிழ்நாடே பார்த்தது. ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அத்தோடு செய்தி முடிந்தது. ஆனால் ஒருவரின் உழைப்பின் மணத்தை அவருடைய தகுதியின் அளவுகோலாக மாற்றும் மூக்கை யாராலும் பணியிடை நீக்கம் செய்ய முடியவில்லை.

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலில், தீண்டாமையின் தோற்றத்தைத் தேடிப்போகும்போது உணவை மையத்தில் வைத்தார். மாட்டிறைச்சி எப்படி ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் இழிவாகச் சுமத்தப்பட்டது என்று கேட்டார். ஒருவர் எதைத் தின்கிறார் என்பது அவர் யார் என்பதன் சான்றாக மாறும் இடத்தில்தான் ஏற்றத்தாழ்வு இயற்கையைப்போல் வேடம் போடுகிறது என்பதை அவர் நமக்குக் கற்றுத் தந்தார். ஊலேயைப் படிக்க அந்தப் பாடம் போதும்.

யாருடைய குப்பை, யாருடைய பாரம்பரியம்

இந்த மேடுகளை ஆங்கிலத்தில் 'மிட்டன்' என்பார்கள். அந்தச் சொல் டென்மார்க்கிலிருந்து கிளம்பியது. 1848இல் அந்நாட்டின் அறிவியல் கழகம் ஒரு குழு அமைத்தது. விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரூப், தொல்லியலாளர் வோர்சோ, நிலவியலாளர் ஃபோர்ஹாம்மர் மூவரும் கடற்கரைச் சிப்பிக் குவியல்கள் கடல் ஒதுக்கியவை அல்ல, மனிதர் தின்று போட்டவை என்று நிறுவினார்கள். அவற்றுக்குச் 'சமையலறைக் குப்பை' என்று பொருள்படும் டேனியச் சொல்லைப் பெயராக்கினார்கள்.

ஆனால் டென்மார்க்கில் அந்தக் 'குப்பை' குப்பையாக நடத்தப்படவில்லை. 1890களில் தேசிய அருங்காட்சியகம் எர்டபோல்லெ என்ற இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிதானமாக அகழ்ந்தது. ஒரு பண்பாட்டுக் காலத்துக்கே அந்த ஊரின் பெயர் வைக்கப்பட்டது. ஜப்பானில் எட்வர்ட் மோர்ஸ் 1877இல் ரயில் சன்னல் வழியாக ஓமோரி சிப்பிமேட்டைக் கண்டு அகழ்ந்தார். ஜப்பானின் நவீனத் தொல்லியலே அங்கிருந்து தொடங்குவதாகப் பாடநூல்கள் சொல்கின்றன. அந்நாட்டின் கசோரி சிப்பிமேட்டுக்கு 2017இல் உயர்ந்தபட்ச வரலாற்றுச் சின்னத் தகுதி அளிக்கப்பட்டது.

பிரேசிலின் கடற்கரையில் 'சாம்பாக்கி' என்றழைக்கப்படும் மேடுகள் இருக்கின்றன. சில 30 மீட்டர் உயரம் வரை எழுந்தவை. உள்ளே ஏராளமான புதைவுகள். போர்த்துகீசியக் குடியேற்றக் காலம் தொடங்கி அவற்றை வெட்டி எடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். கோட்டைகளும் தேவாலயங்களும் அந்தச் சுண்ணாம்பில் எழுந்தன. 1961இல்தான் சட்டப் பாதுகாப்பு வந்தது.

நான்கு நாடுகளிலும் பொருள் ஒன்றுதான். ஓடு, முள், சாம்பல், எலும்பு. டென்மார்க்கும் ஜப்பானும் மேட்டைக் கட்டியவர்களைத் 'நம் முன்னோர்' என்று ஏற்றுக்கொண்டன. ஆகவே குப்பை பாரம்பரியமாயிற்று. கலிஃபோர்னியாவிலும் பிரேசிலிலும் மேட்டைக் கட்டியவர்கள் நிலம் பறிக்கப்பட்டவர்கள். ஆகவே இடுகாடு குப்பையாயிற்று. ஒரு பொருள் வரலாறா கழிவா என்பதை அந்தப் பொருள் முடிவு செய்வதில்லை. அதன் உரிமையாளருக்கும் முடிவு செய்பவருக்கும் இடையிலான உறவுதான் முடிவு செய்கிறது.

சல்லடையின் கண்

அறிவியலுக்குள்ளேயும் இந்த அரசியல் நுழைந்திருக்கிறது. எளிய எடுத்துக்காட்டு, சல்லடை. பழைய அகழாய்வுகளில் மண்ணைச் சலிக்காமலே கையால் பொறுக்கினார்கள், அல்லது பெரிய கண்ணுள்ள சல்லடையில் சலித்தார்கள். மான் எலும்பும் கடல்சிங்கத்தின் எலும்பும் மேலே நின்றன. நெத்திலி அளவு மீன்களின் முள் கீழே விழுந்து மண்ணோடு போயிற்று. பிறகு மேலே நின்றதை எண்ணிப் பார்த்து, இவர்கள் வேட்டைச் சமூகம் என்று எழுதினார்கள். சிறுகண் சல்லடை வந்த பிறகுதான் அன்றாடம் வயிற்றை நிரப்பியது வலையில் சிக்கிய சிறுமீன் என்று பல இடங்களில் தெரியவந்தது. ஈட்டி எறிந்தவரின் வீரம் முதலில் பதிவாயிற்று. வலை பின்னியவரின் உழைப்பு பின்னால்தான் வந்தது.

பெண்களின் உழைப்பும் அப்படித்தான். பெட்டி மீகன் என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில் வட ஆஸ்திரேலியாவின் அன்பரா மக்களோடு தங்கி, யார் சிப்பி எடுக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்று நாள்தோறும் குறித்துவைத்தார். 1982இல் அது நூலாக வந்தது. பெரும்பாலும் எடுத்தவர்கள் பெண்கள். வேட்டை பொய்த்த நாளிலும் பொய்க்காத உணவு அது. எந்தச் சேற்றில் எந்தச் சிப்பி, எந்தப் பருவத்தில் தொடக்கூடாது, ஓதம் எப்போது திரும்பும் என்ற அறிவு இல்லாமல் ஒரு கூடை நிரம்பாது. ஊலே 'முரடான வாழ்க்கை' என்று தள்ளியது இந்த அறிவைத்தான்.

மேடுகளைப் பற்றிய பார்வையே பின்னர் மாறியது. ஆலன் லெவென்தால் 1993இல், விரிகுடாவின் பெரிய மேடுகள் சிலவற்றை முதன்மையாக இடுகாடுகளாகவே பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். தின்ற ஓட்டைத் தூக்கி எறிந்த இடத்தில் தற்செயலாகப் பிணம் புதைக்கவில்லை. இறந்தவர்களைச் சுற்றியே விருந்தும் சடங்கும் நடந்தன, அதன் மிச்சமும் மேட்டில் சேர்ந்தது என்ற வாசிப்பு வலுப்பெற்றது. மேடு சமையலறைக் கழிவாக இருந்தது அகழ்ந்தவரின் மனத்தில். கட்டியவர்களுக்கு அது ஊர், நினைவிடம், கரையை அடையாளம் காட்டும் குன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒடுக்கப்பட்டவர்களை உயர்த்துவதாக எண்ணி அவர்களை இயற்கையின் தூய குழந்தைகளாக்கும் பழக்கம் முற்போக்காளர்களுக்கு உண்டு. எமரிவில் எலும்புகளை ஆராய்ந்த ஜாக் பிராட்டன், காலப்போக்கில் பெரிய ஸ்டர்ஜன் மீன் குறைந்துகொண்டே போனதைக் காட்டி, தொடர்ந்த பிடிப்பே காரணம் என்று 1997இல் வாதிட்டார். அவர்களும் நம்மைப்போல் மனிதர்கள். இயற்கையை மாற்றினார்கள், அதனால் தாங்களும் மாறினார்கள். மரியாதை பெறுவதற்கு யாரும் தெய்வப்பிறவியாக இருக்கத் தேவையில்லை.

'அழிந்துவிட்டார்கள்' என்ற தீர்ப்பு

ஊலே படிவுகளில் கண்ட மாற்றத்தை ஏற்க மறுத்தவர் ஆல்ஃப்ரெட் குரோபர். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மானுடவியல் துறையை நிறுவிய பெயர்களில் ஒன்று. மாற்றம் சொற்பமானது, பொருட்படுத்தத் தக்கதல்ல என்றார். அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தும் வரலாறு இல்லாதவர்கள். 1925இல் வெளியான கலிஃபோர்னியப் பூர்வகுடிகள் பற்றிய பெருநூலில், ஓலோனி மக்கள் நடைமுறையில் அழிந்துவிட்டார்கள் என்று எழுதினார். அவர் எழுதிய நாளில் அவர்கள் விரிகுடாவின் கிழக்கே பண்ணைகளில் கூலிவேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அறிஞரின் பேனா போட்ட முற்றுப்புள்ளி அரசாங்கக் கோப்பிலும் விழுந்தது. ஓலோனி மக்கள் ஒன்றிய அரசின் அங்கீகாரத்தை இழந்தார்கள். அங்கீகாரம் இல்லாததால், சட்டம் வந்த பிறகும் பல்கலைக்கழக அலமாரிகளில் அடுக்கப்பட்ட முன்னோரின் எலும்புகளைக் கேட்டுப் பெறுவது அவர்களுக்குப் போராட்டமாயிற்று. 2021இல் குரோபரின் பெயர் பெர்க்லி கட்டடத்திலிருந்து அகற்றப்பட்டது. 2022இல் வெளியான மரபணு ஆய்வொன்று, விரிகுடாப் பகுதியில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்களுக்கும் இன்றைய முவெக்மா ஓலோனி மக்களுக்கும் மரபுத் தொடர்ச்சி இருப்பதைக் காட்டியது. அந்த ஆய்வில் அம்மக்களே பங்காளிகளாக இருந்தார்கள். அங்கீகாரம் இன்னும் கிடைக்கவில்லை. உயிரோடிருப்பவர் தான் உயிரோடிருப்பதற்குச் சான்று காட்டவேண்டிய நிலைமையை என்னவென்று சொல்வது?

2.2 ஏக்கர்

எமரிவில்லுக்கு அடுத்த ஊர் பெர்க்லி. அங்கிருந்த மேற்கு பெர்க்லி சிப்பிமேடு விரிகுடாவின் மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று. 2000இல் நகர நிர்வாகம் அதை நினைவுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் மேட்டின் மேற்பகுதி எப்போதோ வாரப்பட்டுவிட்டது. எஞ்சிய 2.2 ஏக்கர், புகழ்பெற்ற கடல் உணவு விடுதியின் வாகன நிறுத்துமிடமாக இருந்தது. சிப்பி தின்ற பழங்குடி முரடர், மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அதே சிப்பி தின்பவர் நாகரிகர் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

விடுதி 2018இல் மூடியது. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட விண்ணப்பம் வந்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிற்று. வரலாற்றுக் கட்டுமானம் எதையும் இடிக்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் தரைக்கு மேல் நிற்கும் கட்டுமானம் எதுவும் அங்கே இல்லையே என்ற நோக்கில் 2021இல் தீர்ப்பு கட்டுவோர் பக்கம் சாய்ந்தது. முதலில் மேட்டை வாருவது. பிறகு மேடு எங்கே என்று கேட்பது. சொத்தைப் பறித்தவரே பட்டா எங்கே என்று கேட்கும் தந்திரம் நம்மூரில் பலருக்குத் தெரியும்.

நீதிமன்றம் கைவிட்ட பிறகும் அவர்கள் கைவிடவில்லை. லிஷான் ஓலோனி மக்களின் குரலாக நிற்கும் கொரினா கூல்ட், தன் தோழர் ஜோனெல்லா லாரோஸோடு 2012இல் பெண்கள் தலைமையில் ஒரு நில அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். பெயர் சோகோரியா தே. அதற்கு முந்தைய ஆண்டு, வலேஹோ நகரில் அதே பெயர்கொண்ட சிப்பிமேட்டு இடுகாட்டில் வாகன நிறுத்தமும் கழிப்பறையும் கட்டவிருந்ததை எதிர்த்து 109 நாட்கள் இரவுபகலாக அங்கேயே தங்கிப் போராடியவர்கள் அவர்கள். ஓலோனி நிலத்தில் குடியிருக்கும் பிறர் தாமாக முன்வந்து ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தும் 'ஷூமி நிலவரி' என்ற ஏற்பாட்டையும் உருவாக்கினார்கள். 2024 மார்ச்சில் பெர்க்லி நகர மன்றம் அந்த 2.2 ஏக்கரை 2.7 கோடி டாலருக்கு வாங்கி ஓலோனி மக்களிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தது. அதில் நகரம் தந்தது 15 லட்சம் டாலர். மீதி 2.55 கோடியை அறக்கட்டளை திரட்டியது. தங்கள் முன்னோரின் இடுகாட்டைச் சந்தை விலைக்கு வாங்கவேண்டி வந்தது என்பது அநீதி. ஆனாலும் அந்த நிலம் கைக்கு வந்தது.

நம் அளவுகோல்

இதையெல்லாம் படித்துவிட்டு அமெரிக்காவைத் திட்டுவது எளிது. நமக்குக் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு.

கீழடி நமக்குப் பெருமை தந்தது. நானும் மகிழ்ந்தவன்தான். 2019இல் அறிக்கை வந்தபோது நாம் முதலில் எடுத்துக் காட்டியது என்ன? செங்கல் சுவர், வடிகால், எழுத்து பொறித்த பானையோடு. 'நகர நாகரிகம்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். வைதிகப் பெருமிதத்துக்கு எதிராக அந்தச் சொல் நமக்கு ஆயுதமாயிற்று. ஆனால் செங்கல்லும் எழுத்தும் நகரமும் இருந்தால்தான் நாகரிகம் என்ற அளவுகோல் யார் கையிலிருந்து வந்தது? அதே அளவுகோலைக் கொண்டு பார்த்தால் ஊலே சொன்னது சரியாகிவிடும். செங்கல் சுடாமல், எழுதாமல், கட்டுமரமும் வலையுமாக வாழ்ந்தவர்கள் கீழே நிற்பார்கள். சாதி எதிர்ப்பு வரலாறு எதிரியின் ஏணியைப் பிடுங்கித் தான் ஏறிக்கொள்வதற்காக எழுதப்படுவதல்ல. ஏணி எதற்கு என்று கேட்பதற்காக எழுதப்படுவது.

கொற்கையை எடுத்துக்கொள்வோம். கொற்கை முத்து என்றதும் பாண்டியன் நினைவுக்கு வருகிறான். மூச்சடக்கி மூழ்கியவர் வருவதில்லை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கப் பயணக் குறிப்பு, பாண்டிய நாட்டு முத்துக் குளியலில் தண்டனை பெற்றவர்கள் ஈடுபடுத்தப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. முத்தின் ஒளியில் நாம் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த மனிதர்கள் என்ன தின்றார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தேடுவதும் தமிழர் வரலாறுதான்.

ஆகவே நம் தொல்லியலிடம் நாம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. கடற்கரை அகழாய்வுகளில் சிறுகண் சல்லடை கட்டாயமாக வேண்டும். துறைமுகத்தையும் அரசனின் காசையும் தேடும் அக்கறையோடு மீன்முள்ளையும் வலைக்குண்டையும் தேட வேண்டும். எந்தக் கடற்கரையில் தோண்டினாலும் அந்த ஊர் மக்களைக் கூலியாட்களாக மட்டும் நிறுத்தாமல் ஆய்வின் பங்காளிகளாக்க வேண்டும். எந்த மீனின் முள் இது என்று பாட்டி ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அதற்கு அடிக்குறிப்பில் அவள் பெயர் வேண்டும்.

நிலமும் இதில் அடங்கும். வலை உலர்த்தும் மணல், மீன் காயவைக்கும் களம், படகு ஏற்றும் துறை ஆகியவை பல இடங்களில் அரசுக் கோப்பில் 'புறம்போக்கு' என்ற ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. கட்டுமானம் இல்லாத இடம், ஆகவே காலி இடம் என்று அதிகாரி வாசிக்கிறார். பெர்க்லி வழக்கில் கேட்ட அதே வாசிப்பு. நேற்றைய மீனவரைக் குப்பைமேட்டுக்காரர் என்று எழுதும் வரலாறுதான், இன்றைய மீனவரின் கரையைக் காலி மனை என்று எழுதும் கோப்புக்குத் துணை நிற்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, சிப்பிக் காலமானால், வாசலில் குவிந்த ஓடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். முன்பு அதைக் கடந்து போக வெட்கப்பட்ட வயது எனக்கு இருந்தது. நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வரும்முன் அதை வாரிக் கொட்டச் சொல்லி அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். வாரி எடுக்கும் இயந்திரம் எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை. அதை நம் கையிலும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். முதலில் அதைக் கீழே வைப்போம்.